எம் சைஸ்

மிஸ் வொங் டியூஷன் சென்டரில்
நாளைக்கு ஹாலோவீனாம்.
ஆளுக்கொரு பேய்ப்பலகாரம், வீட்டில் செய்தது.
கடையில் வாங்கினால் கணக்கில்லை.
வியாழன் இரவு எட்டரைக்குச் சொல்கிறாள் லோஷினி,
பல் துலக்கிக்கொண்டே.

தீபாவளி முடிந்து பத்து நாள்.
டின்னில் ஏழு நெய்யுருண்டை,
அடியில் நொறுங்கிய ஓமப்பொடி.
பக்கத்துக்கு நாலு கால் குத்தினோம். சிலந்தி.
மூன்று நின்றன. மற்றவை
சிலந்தியாவதற்குள் வயிற்றுக்குள் போயின.

லோங்கான் டின்னை உடைத்தேன்.
கொட்டை எடுத்த குழியில் ஓர் உலர்திராட்சை:
கண்.
சிராப் ரோஸ் ஊற்றியதும் சிவந்துபோன கண்.
ராத்திரி ஷிஃப்ட் முடிந்து
பாகான் செராய் திரும்பும் பஸ்ஸில்
ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொள்வோமே, அந்தக் கண்.
"இது உங்க கண்ணும்மா"
என்று சொல்லித் தின்றாள். பயமே இல்லை.

கை வேணும் என்றாள். வெட்டின கை.

கை பார்ப்பதுதான் என் வேலை.
கமுந்திங் ஃபேக்டரியில்
கையுறைக்குள் காற்றை விட்டு
வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து
ஊசிமுனை ஓட்டை தேடுவது.
ஷிஃப்டுக்கு எத்தனை கை என்று
எண்ணுவதை விட்டு வருஷமாகிறது.

அலமாரியில் பெட்டி இருந்தது, எம் சைஸ்.
மூன்று தண்ணீர் கழுவினேன்.
தேங்காய்ப்பால், அகார்-அகார், குலா மலாக்கா.
எங்கள் வீட்டுத் தோல்நிறம் வரவில்லை,
இன்னும் கொஞ்சம் குலா மலாக்கா.
மரத்துப் பால் உறையாகி விரிந்து நிற்க
தேங்காய்ப் பால் உள்ளே இறங்கியது,
விரல் விரலாக.
மணிக்கட்டை இறுக்கிக் கட்டி
ஐஸ்பெட்டியில் தொங்கவிட்டேன்,
சம்பால் டப்பாவுக்கும் கெம்போங் மீனுக்கும் நடுவில்.

இரண்டு மணிக்குக் குணாளன் வந்தார்,
செம்பனை ஆலையின் வாடையோடு.
ஐஸ் தண்ணீர் தேடிக் கதவைத் திறந்தவர்
போட்ட சத்தத்தில்
பக்கத்து வீட்டு ரொஸ்னா
பாராங் கத்தியோடு ஓடிவந்தாள்.
"ஹந்து?" என்றாள்.
"பலகாரம்" என்றேன்.
கத்தியைக் கீழே வைத்து
ஒரு சிலந்தியை எடுத்துக்கொண்டு போனாள்.

விடிந்ததும் உறையைக் கத்தரித்தோம்.
கட்டைவிரல் வந்தது. ஆள்காட்டி, நடுவிரல்,
சுண்டுவிரல்கூட நகம் வைத்ததுபோல் வந்தது.
மோதிரவிரல் பாதிதான் வந்தது.
மீதி உறையிலேயே தங்கிவிட்டது.

லோஷினிக்கு உதடு பிதுங்கியது.
அப்புறம்
தேத்தண்ணிக் கிளாஸைப் பிடித்திருந்த
அப்பாவின் கையைப் பார்த்தாள்.

அவள் பிறக்குமுன் ஆலையில் போன பாதி விரல்.
நஷ்டஈட்டில் வாங்கியதுதான் இந்த ஐஸ்பெட்டி.
அவளிடம் வாரத்துக்கு ஒரு கதை சொல்லுவார்:
முசாங் கடித்தது,
குராவ் ஆற்று முதலை கடன் வாங்கியது,
திருப்பித் தரத் தேடிக்கொண்டிருக்கிறது.
நான் அந்த விரலை
நேராகப் பார்ப்பதே இல்லை.

"அப்பா கை!" என்று கத்தினாள்.
கிளாஸை வைத்துவிட்டுத்
தன் கையைத் தட்டில் பக்கத்தில் வைத்தார்.
பாதி விரலுக்குப் பாதி விரல்.
கொஞ்ச நேரம் பார்த்தார்.
"எனக்கு எல் சைஸ்" என்றார்.

சாயங்காலம் தட்டு காலியாக வந்தது.
மிஸ் வொங் தொடவில்லையாம்.
கிர்ஷன் கட்டைவிரல் கேட்டு அழுதானாம்.
பாதி விரல் எங்கே?
"யாருக்கும் குடுக்கல.
நானே தின்னுட்டேன்."

சனிக்கிழமை ஷிஃப்ட்.
காற்று போனதும் ஒரு கை எழுந்து நின்றது.
ஐந்து விரல், ஓட்டையில்லை.
மோதிரவிரலை மட்டும்
இன்னொரு தரம் திருப்பிப் பார்த்தேன்.
சரி.
அடுத்தது.